திருச்சி வானொலியும் ரேடியோ நெல்லும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சி வானொலி நிலையத்தின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதலாம் என்று கொஞ்ச நாளாகத் தகவல் சேர்த்துவருகிறேன். சேர்ந்ததை எடுத்துப் பார்த்தால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. யாரைக் கேட்டாலும் அறிவிப்பாளர்களின் குரல், நாடகங்கள், பாட்டுகள். கடைசியில் 'அதெல்லாம் ஒரு காலம்' என்று முடித்துவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் ஒரு படி மேலே போய், "திருச்சியை யார் கேட்டது? எல்லாரும் சிலோனைத்தான் கேட்டார்கள். திருச்சி சர்க்கார் ரேடியோ" என்கிறார். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பிகளைப் பல ஊர்களில் நிறுத்திவருவதாகவும் படிக்கிறேன். பண்பலைதான் வந்துவிட்டதே, இது போனால் என்ன என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் பதில் இல்லை. இதில் எழுத ஏதாவது இருக்கிறதா, விட்டுவிடலாமா?

பிரபு
மன்னார்குடி

அன்புள்ள பிரபு,

விட்டுவிட வேண்டாம். ஆனால் நீங்கள் இதுவரை ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலிலேயே நின்று விசாரித்திருக்கிறீர்கள். அங்கே நின்றால் குரல்கள்தான் கிடைக்கும். கொஞ்சம் கிழக்கே, வயல் பக்கம் போயிருக்கலாம். ஒரு நெல் ரகத்துக்கே வானொலியின் பெயரை வைத்த ஜில்லா உங்களுடையது. ஆடுதுறை 27-ஐ ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்ட விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றார்கள். மன்னார்குடிக்காரர் எழுதிய கடிதத்தில் அது இல்லாதது எனக்கு ஆச்சரியம்.

அந்த இடத்துக்கு வருவதற்கு முன் நிலையம் திருச்சிக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒலிபரப்பு அரசாங்கத்தால் தொடங்கவில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னையில் மாகாண ரேடியோ கிளப் ஒன்றைத் தொடங்கி, அந்த வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கினார்கள். நாற்பது வாட் கருவி. வீடுகளில் எரிந்த அறுபது வாட் குண்டு பல்புக்கே அதைவிட அதிகம் ஆகும். காசு இல்லாமல் 1927-ல் கிளப் நின்றது, கருவி சென்னை மாநகராட்சியிடம் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்தில் இருந்து மாலை நேர ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி ஜனங்களைக் கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் அது முடிவுக்கு வந்தது. அடுத்த வருடமே, 1939 மே 16 அன்று, 5 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியுடன் திருச்சி நிலையம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அன்றைக்கு வானொலி நிலையம் கிடைத்த ஊர்களைப் பாருங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லாகூர், பெஷாவர், லக்னோ, சென்னை. எல்லாம் தலைநகரங்கள். திருச்சி எதற்கும் தலைநகர் அல்ல. சுதந்திரத்தின்போது இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்கள் மொத்தமே ஆறு. அந்த ஆறில் ஒன்று திருச்சி. நாட்டுப் பரப்பில் இரண்டரை சதவீதத்தையும் மக்களில் பதினொரு சதவீதத்தையும்தான் அந்த ஆறும் சேர்ந்து எட்டின என்பது வானொலியே கொடுக்கும் கணக்கு. அந்தப் பதினொன்றுக்குள் காவிரிக்கரை வந்துவிட்டது. சென்னை நிலையம் தமிழுக்கும் தெலுங்குக்கும் நேரத்தைப் பங்கு போட வேண்டியிருந்தது. விஜயவாடா நிலையம் 1948 டிசம்பரில் வரும்வரை அந்தச் சங்கடம் தொடர்ந்தது. திருச்சிக்கு அந்தப் பங்காளிச் சண்டை கிடையாது. தமிழ் நாட்டுப்புறத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தமிழ் பேசினால் போதும்.

இசைக்காரர்கள் இந்த நிலையத்தைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய உண்டு. திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடியாக ஊர் ஊராகக் கொண்டுபோனது, தஞ்சை ஜில்லாவின் நாகஸ்வரமும் தவிலும், 1940-களில் தமிழிசை இயக்கத்தார் வானொலியில் தமிழ்ப் பாட்டு போதவில்லை என்று கொடி பிடித்தது. இதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவருகிறது, இன்னும் எழுதுவார்கள். நீங்கள் அதைத் திரும்பச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். வானொலி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். மத்திய அலையில் அப்படித் தாண்ட முடியாது, ஏனென்றால் அது பகலில் தரையைப் பிடித்துக்கொண்டு போகிற அலை. எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பாதி தீர்மானிப்பது ஒலிபரப்பியின் சக்தி, மீதி தீர்மானிப்பது மண். பாறையும் காய்ந்த மணலும் அலையைச் சீக்கிரம் தின்றுவிடும். ஈரமான களிமண் தின்னாது. உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும்விட உத்தமம். திருச்சிக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? கல்லணை தாண்டியதும் கடல்வரை வண்டல், தண்ணீர் நிற்கிற நஞ்சை, அதற்கப்பால் கடல். நெல் விளைவதற்கு எந்த மண் வேண்டுமோ அதே மண் மத்திய அலைக்கும் வேண்டும். டெல்டாவில் திருச்சி கணீரென்று கேட்டதிலும், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் அதற்கு நேயர்கள் இருந்ததிலும் மண்ணுக்கும் கடலுக்கும் பங்கு உண்டு.

மத்திய அலைக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சியில் ஏரியல் எதுவும் இருக்காது, கோபுரமே ஏரியல். திருச்சியின் அலைவரிசை 936 கிலோஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் சுமார் 320 மீட்டர். அதில் கால் பங்கு உயரம், எண்பது மீட்டர் இருந்தால் நன்றாக வேலை செய்யும். இப்படிப்பட்ட கோபுரம் பொதுவாகப் பீங்கான் காப்பின்மேல் நிற்கும், இரும்பு முழுவதிலும் மின்சாரம் ஓடும். அடியில் நான்கு பக்கமும் செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். மேலே தெரிகிற அளவுக்குக் கீழேயும் வேலை உண்டு.

அலைவரிசை எண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215. ஒவ்வொன்றையும் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. நம் பகுதி நாடுகள் ஜெனீவாவில் கூடிப் பேசி, நிலையத்துக்கு நிலையம் ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்று வைத்துக்கொண்டது 1978 நவம்பரில் அமலுக்கு வந்தது. எனவே 936 என்ற எண் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. உங்களிடம் யாராவது 'நாற்பதுகளிலேயே எங்கள் வீட்டில் 936 கேட்போம்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டு எழுதாமல் இருங்கள்.

சரி, ரேடியோ நெல்.

1960–61-ல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 'பேக்கேஜ் திட்டம்' என்பார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே மூட்டையாக. ஆனால் மூட்டைக்குள் போடக் குறுவைக்கு, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகத்துக்கு, நல்ல விதை அகப்படவில்லை. இருந்த ரகங்களுக்கு உரம் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட 27-ஆம் ரகம் அந்த இடத்துக்கு வந்தது. தகப்பன் வழியில் ஜி.இ.பி. 24, நம் கிச்சிலிச் சம்பாவில் இருந்து 1921-ல் பொறுக்கி எடுத்தது. தாய் வழியில் ஜப்பான் நெல்லான நோரின் 10. (கோதுமையில் புகழ்பெற்ற நோரின் 10 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நூற்றைந்து நாளில் அறுவடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவையை முடித்துவிட்டு அதே நிலத்தில் தாளடி நடலாம். ஒரு போகம் இரண்டு போகம் ஆனது.

அதே 1966-ல் அகில இந்திய வானொலி பத்து நிலையங்களில் விவசாயத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. அதில் திருச்சியும் ஒன்று. இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே ஜில்லாவின் தலையில் வந்து இறங்கின. ஆராய்ச்சி நிலையத்தில் ரகம் இருக்கிறது, வயலில் பயிர் வேண்டும். கிராம சேவக் என்ற அரசு ஊழியர் ஒருவர் சைக்கிளில் எத்தனை ஊருக்குப் போவார்? வானொலி தினமும் மாலையில் எல்லா ஊருக்கும் போனது. விதை நேர்த்தி, நாற்றங்கால், நடவு இடைவெளி, எந்த நாளில் மேலுரம், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று பயிரோடு கூடவே நடந்தது.

அந்த நிகழ்ச்சிகளின் சாயல் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பேராசிரியர் பேச்சாக மட்டும் வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாசல் திண்ணையில் நடக்கிற உரையாடல்போல அமைப்பார்கள். "என்ன மாமா, நாத்து எடுத்தாச்சா?" "எங்க மாப்ளே, இன்னும் நாலு நாள் போகட்டும்." "நாலு நாளா? இருபத்தஞ்சு நாள் நாத்தை அதுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொன்னாரே." இப்படிப் போகும். மாமா ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டுக்கொண்டே இருப்பார், மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கேட்கிறவர்களுக்கு மாமாவின் மேல்தான் பிரியம், ஏனென்றால் அவர்கள் மனதில் இருந்த சந்தேகத்தை அவர் கேட்டுவிடுவார்.

விதைக்கு வந்தவர்கள் எண்ணைச் சொல்லவில்லை. ரேடியோவில் சொன்ன நெல் என்று கேட்டார்கள், அது ரேடியோ நெல் ஆகிவிட்டது. விளம்பரத்துக்காக யாரும் வைத்த பெயர் அல்ல. இந்தியாவில் வளர்ச்சித் தொடர்பியல் படிப்பவர்கள் இன்றும் பாடமாகச் சொல்லும் உதாரணம் இது. சொன்னவர் சொல்லும் இடம் நம் இடம், சொன்ன பருவம் நம் பருவம், திறக்கிற தண்ணீர் நம் தண்ணீர் என்பதால் அது எடுபட்டது. டெல்லியில் இருந்து 'நெல் சாகுபடி' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. உள்ளூர் வானொலி என்றால் என்ன என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தெரியாது.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். குறுவை அறுவடை ஆகிற நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரமும் ஒன்றாக விழுந்தன. களத்தில் ஈர நெல் குவிந்தது, காய வைக்க வெயில் இல்லை. அந்த ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடி 1967-ல் திருவாரூரில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் பிறகு தஞ்சாவூருக்கு மாறி, வளர்ந்து, இன்று மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக இருக்கிறது. ஒரு விதை ரகம் எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. வானொலி பேசிய அந்த 'விவசாயி' யார்? உரம் வாங்குகிறவர், கடன் வாங்குகிறவர், எந்த ரகம் நடுவது என்று முடிவெடுக்கிறவர். அதாவது நிலம் கையில் இருப்பவர். நாற்று நட்ட பெண்ணோ, அறுத்துக் கட்டு சுமந்த பண்ணையாளோ அந்த உரையாடலில் மாமாவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இரண்டு போகம் விளைந்த அதே மாவட்டத்தில், ரேடியோ நெல் வந்து இரண்டே வருடத்தில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பின்னணியில் இருந்தது கூலித் தகராறு. தழைச்சத்து எத்தனை கிலோ என்பது சர்க்கார் வானொலியின் விஷயம், கூலி எத்தனை மரக்கால் என்பது அதன் விஷயமாக இருக்கவில்லை. உங்கள் நண்பர் 'சர்க்கார் ரேடியோ' என்று கேலி செய்வதில் நியாயம் உண்டு என்றால் அது இங்கேதான், பாட்டு போடாததில் இல்லை.

பாட்டு விஷயத்தில் அவர் சொல்வது பெருமளவு சரி. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். இலங்கை வானொலிக்கு அதைவிடப் பெரிய பரிசு யாரும் கொடுத்திருக்க முடியாது. மயில்வாகனன் முதல் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் வரை அதன் அறிவிப்பாளர்கள் நம் வீடுகளில் உறவுக்காரர்கள் ஆனார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்காமல் அடுப்பு பற்றாத வீடுகள் உண்டு. 1957-ல் விவித் பாரதி தொடங்கியதே அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுக்கத்தான். ஆனால் அதே வீட்டில் பாட்டு முடிந்ததும் முள்ளைத் திருப்பித் திருச்சி வைப்பார்கள், மேட்டூர் அணையின் நீர்மட்டம் கேட்க. அணைக்கு வரும் தண்ணீர் எத்தனை கனஅடி, திறந்துவிடுவது எத்தனை கனஅடி என்பதைக் கொழும்பு சொல்லாது. 120 அடி முழு நீர்மட்டத்தில் இன்று எத்தனை அடி என்ற ஒரு எண்ணுக்காக டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு வரப்பில் நின்றவர்களை எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினம் கடற்கரையில் புயல் எச்சரிக்கைக்கும் அதே பெட்டிதான். ஒரே வீட்டில் இரண்டு நிலையங்களுக்கும் தனித்தனி வேலை இருந்தது. 'எல்லாரும் சிலோன்' என்பது பாட்டு நேரத்துக்கு மட்டும் பொருந்தும்.

பண்பலை இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ஒலித்தரத்தில் மத்திய அலை தோற்றுத்தான் போகும், அதில் வாதத்துக்கு இடமில்லை. ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குள் அடக்கிய ஒலியில் பேச்சு தெளிவாக இருக்கும், வயலினின் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். தவிர, மத்திய அலையில் செய்தி இருப்பது அலையின் வீச்சில். மின்னலும், மோட்டாரும், இப்போது எல்.ஈ.டி. பல்பும், செல்போன் சார்ஜரும் உண்டாக்கும் இரைச்சலும் அதே வீச்சில்தான் வந்து ஏறுகிறது. பெட்டியால் இரண்டையும் பிரிக்க முடியாது. பொழுது சாய்ந்தால் வேறு தொல்லை. பகலில் மேல்நோக்கிப் போகும் அலையை விழுங்கிவிடும் அயனி அடுக்கு இரவில் கலைந்துவிடுவதால், எங்கோ இருக்கும் நிலையங்களின் அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து நம் நிலையத்தின் மேல் விழுகின்றன. கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை இருக்கிறது, மத்திய அலை இல்லை. மத்திய அலையைப் பிடிக்க உள்ளே ஏரியலாக ஃபெர்ரைட் தண்டு வைக்க வேண்டும், இடம் கிடையாது. நூறு கிலோவாட் ஒலிபரப்பிக்கு வருகிற மின்கட்டணத்தையும் யோசியுங்கள். நிறுத்துகிறவர்களிடம் கணக்கு இருக்கிறது.

அவர்கள் கணக்கில் வராதது பரப்பு. பண்பலை பார்வைக் கோட்டில் போகிற அலை, அதற்கு உயரம் வேண்டும். கோடைப் பண்பலை அத்தனை மாவட்டங்களில் கேட்பது மலை மேல் நிற்பதால். டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? சமவெளியில் ஒரு பண்பலைக் கோபுரம் தன்னைச் சுற்றி ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் இன்னொரு கோபுரம், இன்னொரு வட்டம். திருச்சியில் இருந்து கோடியக்கரைவரை ஒரே குரலில் ஒரே தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு மத்திய அலைக்கு ஒரு கோபுரமும் ஈர மண்ணும் போதும். டிஜிட்டல் முறையில் ஒலிபரப்ப வசதியுள்ள மத்திய அலைக் கருவிகளை நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுவியிருக்கிறார்கள். ஒலித்தரக் குறையை அது தீர்த்துவிடும். ஆனால் அதைக் கேட்கும் பெட்டி சாதாரண வீட்டுக்கு வந்து சேரவில்லை. புயல் கரை கடக்கிற ராத்திரியில் செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் யார் பேசுவார்கள் என்பதற்கு நிறுத்துகிறவர்கள் பதில் சொல்லட்டும். வேறெந்தக் காரணத்துக்காகவும் நான் மத்திய அலைக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

இனி உங்கள் நூலுக்கு. முதலில் ஆடுதுறைக்குப் போங்கள். 1966-ஐ ஒட்டிய ஆண்டறிக்கைகள் இருந்தால் அதில் வானொலியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வானொலியே நடத்திய 'வானொலி' என்ற நிகழ்ச்சி நிரல் இதழ் பழைய நூலகங்களில் கிடைக்கும். ஆங்கிலத்தில் வந்த 'இந்தியன் லிசனர்' இதழ்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். எந்த மாலை எந்த மணிக்கு என்ன ஒலிபரப்பானது என்பது அதில் அப்படியே இருக்கும், யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டாம்.

அப்புறம் பஞ்சாயத்து ரேடியோ. பூட்டிய ஒரு சின்ன அறை, உள்ளே பெட்டி, வெளியே கம்பத்திலோ மரத்திலோ கட்டிய கூம்பு. சாயங்காலம் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து போடுவார், செய்தியும் விவசாயமும் முடிந்ததும் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போவார். சாவி வைத்திருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள், அவர்களைத் தேடுங்கள். அவர்களிடம் எந்த அறிவிப்பாளர் பிடிக்கும் என்று கேட்டுப் பொழுதை வீணாக்க வேண்டாம். கூம்பு எந்தத் தெருவைப் பார்த்து இருந்தது, சேரிவரை சத்தம் போனதா, கேட்க வந்தவர்களில் யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் தள்ளி நின்றார்கள் என்று கேளுங்கள். அதே ஊரில் நடவுக்குப் போன பெண்கள் இருந்தால் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள். பத்து ஊரில் கேட்டால் நூலின் பாதி வந்துவிடும்.

எழுதி முடித்த பகுதிகளை அனுப்பினால் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்